சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு ராத்திரி தங்கல் கோல்ஃப்: என் ஓட்டு பத்து காஜாவுக்கு

எங்கள் ஊரில் கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் இன்னமும் சிலர் ஏற இறங்கப் பார்க்கிறார்கள், துரைமார் விளையாட்டாம். எனக்கு அது அப்பா வழியாக வந்தது. அவர் சின்ன வயதில் தோட்டத்து கிளப்பில் துரைகளுக்குப் பை தூக்கியவர். ஒன்பது குழி, ஒரு பக்கம் பால்மரம், இன்னொரு பக்கம் லயம். இப்போது அவரையும் சேர்த்து மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று காடி நிறைய ஆட்களோடு சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்ப எந்த மைதானம் தோதுப்படும் என்பதுதான் என் கணக்கு. டத்தாய், டெசாரு மாதிரி பெரிய பெயர் தேடுகிறவர்களுக்கு இது உதவாது.

எங்கள் பேராக் மாநிலத்திலேயே பத்து காஜாவில் இருக்கும் கிளியர்வாட்டர் சாங்சுவரி கோல்ஃப் விடுதியில் இதுவரை மூன்று முறை தங்கியிருக்கிறோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டி முடித்த நிலம் அது, சுரங்கக் குட்டைகள் எல்லாம் இப்போது ஏரிகள். தண்ணீர் பல குழிகளில் குறுக்கே வரும் என்பதால் பந்தை ஒரு டஜன் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். போன முறை நான் ஏழு விட்டேன், அதில் மூன்று புதுசு. ஆனால் எனக்குப் பிடித்ததே அந்தச் சுரங்க மண்தான். ஈயத்தை அலசி எடுத்த இடத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் மணல், மழைத் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். ராத்திரி முழுக்கக் கொட்டிய மறுநாள் காலையிலும் சப்பாத்து நனையாமல் நடந்தோம். அப்பா பக்கி வண்டியில் ஏறவே மாட்டேன், நடந்தே வருகிறேன் என்றார். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் குனிந்து, "புல்லு பளபளன்னு தெரிஞ்சா உன்ன விட்டு அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு, பந்து ஓடும், கருத்துத் தெரிஞ்சா கொஞ்சம் அழுத்தி அடி" என்றார். அறுபது வருஷத்துக்கு முந்திய பாடம், அன்றைக்கு எனக்கு இரண்டு அடி மிச்சம் பண்ணிக் கொடுத்தது.

ஆடாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் வீட்டில் எப்போதும் வருகிற சண்டை. இங்கே அந்தச் சண்டை வரவில்லை. பக்கத்திலேயே கெல்லி மாளிகை, வில்லியம் கெல்லி ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற வீடு. அதைக் கட்ட நம் ஆட்களைத்தான் மதராசிலிருந்து கொண்டுவந்தார்கள். விஷக் காய்ச்சலில் நிறையப் பேர் சாக, கோயில் கேட்டார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். அந்த மாரியம்மன் கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாக வெள்ளை உடுப்புப் போட்ட ஓர் உருவம் நிற்கும், அதுதான் துரை என்பார்கள். மாமியார் மாளிகைக்குள் பத்து நிமிஷம்கூட இல்லை, கோயிலில் ஒரு மணி நேரம் இருந்தார். பிள்ளைகளுக்கு தஞ்சோங் துவாலாங் பக்கம் 1938இல் கட்டிய ஈயக் கப்பல், தண்ணீரில் மிதந்தபடி ஈயம் தோண்டிய ராட்சத இயந்திரம், இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆக நான் பதினெட்டுக் குழி முடித்து வரும்போது என்னை யாரும் தேடவில்லை.

மற்ற இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈப்போ மேரு வேலி 27 குழி, சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே ஆடலாம், அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் நமக்கு ரொம்பப் பக்கம், ஆடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம் என்பதால் லீவு போட்ட மாதிரியே இருக்காது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் ஒன்பது குழி, சின்ன மைதானம், மிருகக்காட்சிசாலை பக்கத்தில், பிள்ளைகளுக்குச் சொர்க்கம். ஒரே வம்பு மழை. தீபகற்பத்திலேயே அதிகம் நனைகிற ஊர், வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் பக்கம் பெய்யும், எனக்கு இரண்டு முறையும் ஐந்தாவது குழியோடு முடிந்தது. கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில் இருக்கும் சுல்தான் அகமட் ஷா கோல்ஃப் கிளப், சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் போதும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, பந்து 5, 6 விழுக்காடு கூடுதலாகப் பறக்கும், அதை நம் திறமை என்று நினைத்துக்கொள்ளலாம். குளிருக்கு நடந்தே ஆடலாம். பள்ளி விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், காடி நகராது.

இன்னொரு இடமும் போனோம், பெயர் வேண்டாம். இணையத்தில் மலிவான விலை போட்டிருந்தது. போய் நின்ற பிறகு பக்கி கட்டாயம் என்றார்கள், காப்புறுதி தனி, துண்டுக்குக்கூடத் தனிக் காசு. சரி, போகட்டும் என்று முதல் கிரீனுக்குப் போனால் முழுக்கத் துளை போட்டு மணல் தூவி வைத்திருக்கிறார்கள்! மண் இறுகாமல் இருக்க அப்படிச் செய்யத்தான் வேண்டும், புல் தேறி வர இரண்டு வாரமாவது ஆகும், அது தப்பில்லை. ஆனால் புக்கிங் எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அன்றிலிருந்து எங்கே போவதானாலும் போன் போட்டு முதலில் கேட்பது இதைத்தான்: "கிரீனில் எப்போது துளை போட்டீர்கள்?" அறையைப் பற்றி அப்புறம்தான் கேட்பேன்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. மத்தியான விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள், பேராக்கில் மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும், சைரன் ஊதினால் எந்தக் குழியில் நின்றாலும் ஒதுங்கியாக வேண்டும். நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும், அதனால் ஏழரைக்கு முதல் ஆளாக இறங்கிவிடுங்கள், பசியாறலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பா ஐந்தரைக்கே சப்பாத்து போட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த மாதமும் பத்து காஜாதான், மாமியார் இந்த முறை கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.