டப் ரெகே வீட்லயே மிக்ஸ் பண்ற செட்டப், சில வருஷம் ஓட்டின பிறகு

வாங்கின புதுசுல எழுதினா எல்லாமே சூப்பர்னுதான் தோணும், அதான் நல்லா ஓட்டிட்டு எழுதுறேன். டப்னா ரெகே பாட்டோட ட்ராக்குகள ஏத்தி இறக்கி, எக்கோ போட்டு புதுசா மிக்ஸ் பண்றது. செட்டப் பெருசா ஒண்ணும் இல்ல, ரீப்பர் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்), எட்டு அவுட்புட் இருக்குற இன்டர்ஃபேஸ் (லேப்டாப் சவுண்ட வெளிய அனுப்புற பெட்டி), செகண்ட் ஹேண்ட் அனலாக் மிக்ஸர், எக்கோ தர்ற ஒரு டிலே பெடல், ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் (உள்ள இருக்குற ஸ்பிரிங்கால எதிரொலி தர்ற பெட்டி).

முன்னாடி லேப்டாப்புக்குள்ளயேதான் எல்லாம். ப்ளகின் (எஃபெக்ட் சாஃப்ட்வேர்) சவுண்ட குறை சொல்லவே மாட்டேன், டேப் எக்கோ ப்ளகின்லாம் இப்ப நிஜமாவே நல்லா இருக்கு. பிரச்சனை மவுஸ்தான். பேஸ் கிட்டார மிக்ஸ்ல இருந்து தூக்கிட்டு அதே செகண்ட்ல ஸ்னேர் ட்ரம்ம எக்கோவுக்கு அனுப்பணும்னா ஒரு கைய வச்சு என்ன பண்றது? ஆட்டோமேஷன் (சவுண்ட் ஏறி இறங்குறத சாஃப்ட்வேர்லயே முன்னாடியே கோடா போடுறது) வரஞ்சா எல்லாம் கரெக்டா வருது, அந்த கரெக்டுதான் போர் அடிக்குது.

டப்புக்கு முன்னோடியான ஜமைக்கா இன்ஜினியர் கிங் டப்பி அடிப்படையில எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பாக்குறவர். கிங்ஸ்டன் வாட்டர்ஹவுஸ்ல வீட்லயே ஸ்டூடியோ போட்டு, டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோ வேணாம்னு வித்த எம்சிஐ கம்பெனி மிக்ஸர வாங்கி வச்சுதான் 70கள்ல அவ்ளோ டப்பும் பண்ணாரு. டேப்ல இருந்தது நாலே ட்ராக். அதனால நானும் இப்ப எத்தன ட்ராக் இருந்தாலும் ட்ரம்ஸ், பேஸ், ஸ்கேங்க் (ரெகேல சக் சக்னு வெட்டி வாசிக்கிற கிட்டார், கீபோர்ட்), மிச்சதெல்லாம் சேர்த்து ஒண்ணுன்னு நாலு குரூப்பாதான் மிக்ஸருக்கு அனுப்புறேன், கைக்கு அதுதான் அடங்குது.

செட்டப்ல எனக்கு ரொம்ப பிடிச்சது எக்கோ ரிட்டர்ன்தான், அதாவது டிலேல இருந்து மிக்ஸருக்கு திரும்பி வர்ற சவுண்ட். அத ரிட்டர்ன் ஜாக்ல குத்தாம ஒரு சாதா சேனல்ல குத்துங்க. அப்புறம் அந்த சேனலோட ஆக்ஸ (எஃபெக்ட்டுக்கு சவுண்ட அனுப்புற நாப்) லேசா திருப்பினா எக்கோ தன்னையே சாப்ட்டுட்டு வளர ஆரம்பிக்கும், கத்தப் போற நேரத்துல ஃபேடர (சவுண்ட ஏத்தி இறக்குற தள்ளு பட்டன்) கீழ இழுக்கணும், இந்த விளையாட்டு மவுஸ்ல வரவே வராது. அந்த சேனல்ல லோ நாபை நல்லா குறைச்சு வைங்க, இல்லன்னா பேஸ் சேர்ந்து மொத்தமும் கொழகொழன்னு ஆயிடும். 72 பிபிஎம் (நிமிஷத்துக்கு 72 பீட்) பாட்டுன்னா டிலே 625 மில்லிசெகண்ட் வச்சுப் பாருங்க, ஸ்கேங்குக்கு நடுவுல அழகா விழும். ஸ்பிரிங் பெட்டிய ஒரு தட்டு தட்டினா இடி சத்தம், அது ஃப்ரீ 😄

தொல்லைகளும் இருக்கு. நேத்து போட்ட மிக்ஸ் இன்னைக்கு திரும்ப வராது, அதனால ஒவ்வொரு டேக்கையும் ரெக்கார்ட் பண்ணியே ஆகணும். பழைய ஃபேடர் கரகரக்கும், கான்டாக்ட் கிளீனர் கைல இருக்கணும். அடாப்டர்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன்ல குத்தினதுல எனக்கு ஹம் (ம்ம்ம்னு வர்ற கரண்ட் இரைச்சல்) குறைஞ்சுது.

ரிலீஸ் பத்தி கேட்டா, பாட்டு விக்கிற சைட்டான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் சேல்ஸ்ல 15% எடுக்குது, மிச்சத்துல பேமென்ட் ஃபீஸ் போக நமக்கு. ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு ட்ராக் 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொடலன்னா ரெக்கார்டிங் ராயல்டி கிடையாது, நம்மள மாதிரி ஆளுங்களோட டப்புக்கு அது கஷ்டம்தான், ஆனா பாட்டு அங்க இல்லன்னா யாருக்கும் தெரியாதேன்னு போட்டு வைக்கிறேன். ஒரே ரெக்கார்டிங்ல ரெண்டு மூணு மிக்ஸ் எடுத்து சேத்து விடுங்க. ஜமைக்கால சிங்கிளோட பி சைட்ல (ரெக்கார்டோட பின்பக்கம்) வெர்ஷன், அதாவது அதே பாட்டோட வேற மிக்ஸ், போட்டதும் இந்தக் கணக்குதான், வாசிச்சவங்களுக்கு ஒரு தடவ காசு குடுத்தா ரெண்டு பக்கமும் ரெடி. வாங்குறவங்களும் எங்கிட்ட அந்த ரெண்டாவது மிக்ஸதான் அதிகமா கேக்குறாங்க.

மிக்ஸர் வாங்குறவங்க சேனல் எத்தனன்னு பாக்குறத விட ஆக்ஸ் எத்தனன்னு பாருங்க. எக்கோவுக்கு ஒண்ணு, ரிவெர்ப்புக்கு ஒண்ணு, குறைஞ்சது ரெண்டு வேணும், ஒத்த ஆக்ஸ் மாடல் எவ்ளோ சீப்பா வந்தாலும் வேணாம்.