குழந்தைகள் காப்பகம்: அலுவலகப் பகுதியிலா, குடியிருப்புத் தெருவிலா?

காப்பகத்துக்கு இடம் தேடுபவர்கள் முதலில் வாடகையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்க்கப் போகிறீர்கள்?

கைக்குழந்தைகள் என்றால் அலுவலகப் பகுதிக்கே என் ஓட்டு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பகம் பக்கத்தில் இருந்தால் அம்மா இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். காய்ச்சல் என்றால் சில நிமிடங்களில் வந்துவிடலாம். அந்த நிம்மதிக்கு ஈடே இல்லை. ஆனால் வாடகை அதிகம். அங்குள்ள பெரிய நிறுவனம் ஒன்று இடம் மாறினாலோ, வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்தாலோ சேர்க்கை சட்டென்று சரியும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் குடியிருப்புத் தெருதான் பொருத்தம். 1 முதல் 4 வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. முற்றமோ தோட்டமோ உள்ள தனி வீடு இங்கேதான் எளிதில் அமையும். தாத்தா பாட்டியே நடந்து வந்து கூட்டிப் போவார்கள். அக்காவைத் தொடர்ந்து தம்பியும் சேருவான். சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் முறையிடக்கூடும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். குடியிருப்பு மனையில் காப்பகம் நடத்த அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கே எடுத்தாலும் தரைத்தளம், இரண்டு வெளிவாசல், வண்டியை நிறுத்திக் குழந்தையை இறக்க இடம் வேண்டும். இவை இல்லாத கட்டடத்தை, வாடகை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.