புது எஞ்சின், பழைய ஏறுதகடு: குருமண்வெளிப் பாதையில் 11 வருடம்

மண்டூர்ப் பக்கம் இடமாற்றம் கிடைத்த சிநேகிதன் போன கிழமை கேட்டான்: "மச்சான், களுவாஞ்சிகுடியில இருந்து போக பாதை நல்லமா, பட்டிருப்புப் பாலம் நல்லமா?" 11 வருடமாக மோட்டார் சைக்கிளோடு குருமண்வெளித் துறையில் நிற்கிறவனிடம் கேட்டால் பதில் ஒரு வரியில் முடியாது.

வெளியூர்க்காரருக்கு: எங்களுக்குப் பாதை என்றால் தெரு இல்லை. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் வாகனங்களையும் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே கொண்டுபோகிற படகு. மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு அங்கே பாதை ஓய்ந்தது. மண்டூர்க்காரர் இன்னும் பாலம் கேட்டபடி பாதையில்தான் குருமண்வெளிக்கு வந்து போகிறார்கள்.

அண்மையில் எஞ்சின் பழுதாகிப் பாதை நின்றது. அத்தனை நாளும் பட்டிருப்பு, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றினேன். திரும்ப ஓடத் தொடங்கிய அன்று புது எஞ்சின் சத்தம் குறைவு, புகை இல்லை. கைபிடிக் கம்பிக்குப் பச்சை மை. சந்தோசமாகத்தான் ஏறினேன். மண்டூர்க் கரை வந்து சங்கிலியைத் தளர்த்தினார்கள். அதே தகடு கீழே விழுந்தது. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்துவிட்டது.

பாதையின் இரண்டு முனையிலும் பிணைச்சலில் தொங்குகிற இரும்புத் தகட்டைத்தான் சொல்கிறேன். அதை இறக்கி, துறைக் கொங்கிறீற்றில் வைத்து, அதன் மேல்தான் வாகனம் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வாவித் தண்ணீர் ஒரு மட்டத்தில் நிற்பதில்லை. மாரியில் வெள்ளம் சேர்ந்தால் துறையே தாழ்ந்து போகும், முன் சில்லு தண்ணீருக்குள் இறங்கும். ஆற்றுவாய் வெட்டிக் கடலுக்கு விட்டால் தண்ணீர் மளமளவென்று வடியும். அப்போது பாதை கரைக்குக் கிட்டப் போகாது. தகட்டு நுனிக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம், சில நாள் ஒரு முழம். தகட்டில் வழுக்காமல் இருக்க இருந்த புடைப்புகள் தேய்ந்து கண்ணாடி போலாகிவிட்டன. உப்புத் தண்ணீர் ஓரத்தைத் தின்று அரம் போல் ஆக்கியிருக்கிறது. மழைத் தூறல் பட்டால் ரயருக்குப் பிடியே கிடையாது.

போன மார்கழியில் எனக்கு முன்னால் ஒரு பொடியன் நெல் மூட்டையோடு இறங்கினான். பின் சில்லு வழுக்கி, மூட்டை ஒரு பக்கம் சரிய, பாதைக்காரர் பாய்ந்து கரியரைப் பிடித்தார். "தம்பி, முன் பிறேக்கப் புடியாத, உடு, உடு!" பொடியன் தப்பினான். மூட்டை தண்ணீருக்குள். மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கினோம், அதற்குள் நெல் ஊறிவிட்டது. அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நானும் இரண்டு தரம் விழுந்திருக்கிறேன். ஒரு தரம் கிளச் பிடி முறிந்தது.

இதற்கு என்ன பெரிய செலவு? தகட்டை இரண்டு முழம் நீட்டி, குறுக்கே நாலு கம்பி ஒட்டினால் போதும். பொறுப்பானவர்களிடம் எழுத்தில் கொடுத்தோம், நேரிலும் போய்ச் சொன்னோம். மை அடிக்கக் காசு இருந்திருக்கிறது.

ஆனால் ஓட்டுகிறவர்களை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஓட்டோவை நடுவில் விட்டு, மோட்டார் சைக்கிள்களை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து, பாரம் ஒரு பக்கம் சாயாமல் அடுக்குவார்கள். கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் நேரே துறைக்குப் பிடிக்காமல் காற்றுக்கு எதிரே கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி விடுவார்கள். மண்டூர் முருகனின் ஆவணித் தீர்த்தத்துக்கு வருகிற சனத்தைக் குழந்தை குட்டியோடு விடிய விடிய ஏற்றி இறக்குவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பின்னேரம் திரும்பி வருகிற பயணத்துக்கு ஈடாக ஒரு தெருவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பொழுது சாய, முன்னால் கிழக்குக் கரையான எழுவான்கரைத் தென்னைகளில் மட்டும் வெயில் மிஞ்சியிருக்கும். ஆசிரியப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் சீற்றில் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டு வருவார்கள். நாள் முழுக்க எனக்குக் கிடைக்கிற ஓய்வு அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஆகவே மச்சான், பாலத்தால் போ. சுற்றென்றாலும் போ. அந்தத் தகடு மாறும்வரை வாகனத்தோடு போகிற ஒருவருக்கும் இந்தப் பாதையை நான் நல்லம் என்று சொல்ல மாட்டேன்.

இல்லை, ஒரு நாளாவது பாதையால் வந்து பார்க்கத்தான் வேணும் என்றால், திங்கட்கிழமை காலையில் துறைக்கு வா. முதலாம் கியரில் மெல்ல ஏற்று, முன் பிறேக்கைத் தொடாதே. பின் கரியரை நான் பிடிக்கிறேன்.