டிபிஎம் செங்கல் கட்டடக் கடைக் கிட்: அப்படியே ஒட்டி வைத்துவிடாதீர்கள்

ஹெச்ஓ அளவு ரயில் மாடல் கட்டுகிறவர்கள் தைரியமாக வாங்கக்கூடிய கட்டடக் கிட்களில் (நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள்) வுட்லண்ட் சீனிக்ஸ் நிறுவனம் விற்கும் டிபிஎம் (டிசைன் பிரிசர்வேஷன் மாடல்ஸ்) வரிசையின் செங்கல் சுவர்க் கடைகளும் உண்டு. பழைய அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெருவில் நிற்குமே, அந்த மாதிரிக் கட்டடம், ஹெச்ஓவின் 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக. செங்கல் வரிசையும் உச்சியில் ஓடும் அலங்கார விளிம்பும் அவ்வளவு கூர்மையாக வந்திருக்கின்றன. ஜன்னல் சட்டம் சுவரோடு ஒரே வார்ப்பு என்பதால் அதற்கு மெல்லிய பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும்.

ஆனால் நிஜக் கட்டடம் போலத் தெரிய வேண்டுமானால் வேலை நம்முடையதுதான். ஒட்டும் முன்பே பளபளப்பில்லாத செங்காவி அடித்துவிடுங்கள். அப்புறம் செங்கற்களுக்கு நடுவே ஓடும் சாந்துக்கோடு. இதற்குச் சுத்த வெள்ளை வேண்டவே வேண்டாம், ஏனென்றால் நிஜச் சுவரில் 10 மில்லிமீட்டர் இருக்கும் கோடு இந்த அளவில் 0.11 மில்லிமீட்டர்தான், வார்ப்பில் இருக்கும் பள்ளம் அதைவிட அகலம், அதில் வெள்ளையை நிரப்பினால் சுவர் கட்டம் போட்ட நோட்டு மாதிரி ஆகிவிடும். சாம்பலும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் விரலில் இறுக்கிச் சுற்றிய துணியால் குறுக்கே துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செங்கல்லைக் கருஞ்சிவப்பில் தொட்டால் போதும், புதுச் சுவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கூரை. ரயில் மாடலை நாம் மேலிருந்துதானே பார்க்கிறோம்! கிட்டில் வருவது வெறும் பிளாஸ்டிக் தகடு. நிஜக் கூரையில் விரிக்கும் 3 அடி அகலத் தார்க்காகிதச் சுருள் இந்த அளவில் பத்தரை மில்லிமீட்டர். டிஷ்யூ பேப்பரை அந்த அகலத்தில் நறுக்கி, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி ஒட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் கொஞ்சம் வேறு வேறு சாம்பல் அடித்தால் கூரை உயிர்பெற்றுவிடும். ஒரு புகைபோக்கியும் இரண்டு காற்றுக்குழாயும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சுவர்களைப் பொருத்தும்போது ஓரத்தில் படிந்த பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள், பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். ஜன்னல் கண்ணாடிக்கு சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஃபெவிகால் போதும். உள்ளே எல்இடி வைப்பதாக இருந்தால் உள்சுவர் முழுக்கக் கறுப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் செங்கல்லே வெளிச்சம் விடும்.

முதல் முறை வாங்குகிறவர்கள் சின்ன ஒற்றைக் கடையை எடுங்கள். பெயிண்ட் அடிக்கவே விருப்பமில்லை என்றால் இது உங்களுக்கான கிட் இல்லை.