செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி? நாளிதழா, கைப்பேசியா?

டிசம்பர் மழை விடாமல் பெய்தால், சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி வசிக்கும் எங்களுக்கு ஒரே கேள்விதான்: செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி? அடையாற்றில் உபரிநீரைத் திறந்துவிடும் அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி. விநாடிக்கு எவ்வளவு கன அடி தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கீழ்வீட்டு அக்கா அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுவதா என்று முடிவெடுக்க முடியும். இந்தக் கேள்விக்கு யார் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தே செய்தியின் தரத்தை எடைபோடுகிறேன்.

நாளிதழில் காலையில் வரும் அளவு முந்தைய இரவுடையது. அதற்குள் ஆறு ஏறிவிடும். சென்னைப் பெருவெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 2 அன்று நிலைமை இன்னும் மோசம். 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ அன்று சென்னையில் அச்சாகவே இல்லை. ஊழியர்களால் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஆனால் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது ஏன், முன்கூட்டியே ஏன் திறக்கவில்லை என்று தண்ணீர் வடிந்த பிறகும் விடாமல் கேட்டவர்கள் நிருபர்கள்தான்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் நிருபர் நிற்கும் காட்சியை நாள் முழுவதும் ஓட்டுவார்கள். அது காலையில் எடுத்ததா, மாலையில் எடுத்ததா என்று தெரியாது.

வாட்ஸ்ஆப்பில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் இல்லாத இரவில், “ஏரி உடைந்துவிட்டது, உடனே கிளம்புங்கள்” என்று ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவர் யார் என்று தெரியாது, நேரமும் இல்லை. அக்கா தன் மாமியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்க ஆள் தேடினார். ஏரி உடையவே இல்லை. இரண்டு நாள் கழித்து அதே பதிவு “சற்றுமுன் கிடைத்த தகவல்” என்று மறுபடி வந்தது. 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவியதும் இதே ரகம்; பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. நாளிதழ் தவறினால் உள்பக்கத்திலாவது திருத்தம் வரும். இங்கே பதிவை அழித்துவிட்டால் தவறு நடந்த சுவடே இருக்காது.

அதற்காகச் சமூக ஊடகம் முழுவதையும் தள்ளிவிட மனம் வரவில்லை. அதே 2015-இல் யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்தார்கள். எந்தச் செய்தி அறையும் அன்று அத்தனை தெருக்களுக்கு ஆள் அனுப்பியிருக்க முடியாது. ரேடார் படத்தை வைத்து மழையை விளக்கும் பிரதீப் ஜான் போன்றவர்களின் பதிவில் காரணமும் சேர்ந்து வருகிறது. கணிப்பு பிசகினால் மறுநாள் நாமே ஒத்துப்பார்க்கலாம்.

ஆகவே மழை இரவில் நான் பார்ப்பது, அளவையும் அது எடுத்த நேரத்தையும் சேர்த்துப் போடும் பதிவுகளை மட்டும். நேரம் இல்லாத குரல்பதிவை யாருக்கும் அனுப்புவதில்லை. நாளிதழ் சந்தாவையும் நிறுத்தவில்லை. மதகைத் திறந்த கணக்கை அதிகாரியிடம் போய்க் கேட்க ஒரு நிருபருக்குச் சம்பளம் வேண்டும்.