திகுராவில் திமிங்கலச் சுறா பார்க்கும் படகு: என் அனுபவம்

கோபி பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். அங்கே நாலு கை போட்டால் படிக்கல் வந்துவிடும், ஆனால் மாலத்தீவின் திகுராத் தீவிலிருந்து படகில் போய்க் குதித்தால் கீழே வெறும் நீலம்தான். "என்னங்க, கையை விட்டுடாதீங்க" என்றாள் மனைவி. வழிகாட்டி நல்ல பொறுமைசாலி. சுறாவின் உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்தணும், தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று குதிக்கும் முன்பே ரெண்டு தடவை சொல்லிவிட்டார்.

ரெண்டு மணி நேரம் தேடினோம். அப்புறம் படகோட்டி கை காட்ட, குதித்துப் பார்த்தால் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு டெம்போ வேன் நீளத்துக்கு ஒன்று, அவசரமே இல்லாமல் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் சாது அது. செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு மாதிரி, அதை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை என்றால், ஐந்தாறு படகுகள் ஒரே இடத்தில் கூடியதும் அது ஆழத்துக்கு இறங்கிவிட்டது, அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, படகுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா? கொடுத்த முகமூடியிலும் தண்ணீர் புகுந்தது, சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். நாங்கள் கொச்சி வழியாகப் போனோம், அது சுலபம்.