சொட்டுநீரா, மூடாக்கா? கடலூர் மணலுக்கு என் ஓட்டு மூடாக்குக்கே

கத்திரி வெயில் நெருங்கினால் எங்கள் தெருவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: சொட்டுநீர் போடலாமா, மட்டை, சருகு போல எதையாவது பரப்பி மண்ணை மூடிவைக்கும் மூடாக்கே போதுமா? தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் மண் வெறும் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போன இடம் தெரியாது. ஒரு பக்கம் சொட்டுநீர், மறுபக்கம் மூடாக்கு என்று இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோடைக்குத் தரையில் நிற்கும் செடிகளுக்கு முழுக்க மூடாக்குக்கு மாறிவிட்டேன். ஹோஸ் பிடித்து ஊற்றுவதை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

சொட்டுநீரில் அளவு கைக்குள் இருக்கும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் (சொட்டு விடும் முனை) இரண்டை அரை மணி நேரம் திறந்தால் ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு 4 லிட்டர். டைமர் மாட்டிவிட்டு ஊருக்கும் போகலாம். ஆனால் டிரிப்பர்கள் பெரும்பாலும் 1 பார் அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டவை. தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் 0.1 பார். 6 மீட்டர் உயர மாடித் தொட்டியிலிருந்து 0.6 பார்தான் வரும். அப்போது 4 லிட்டர் என்பது 3 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். சரி, இதைக்கூட நேரத்தைக் கூட்டிச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது அடைப்பு. எங்கள் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு அதிகம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டிரிப்பர் வாயில் நிற்கும் கடைசிச் சொட்டு வெயிலில் காய்ந்து சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். ஃபில்டர் மணலைப் பிடிக்கும், கரைந்து வரும் சுண்ணாம்பைப் பிடிக்காது. தண்ணீரில் இரும்பு இருந்தால் காற்றுப் பட்டதும் துருவாகி அதுவும் உள்ளே படியும். வயலில் ஆசிட் விட்டுக் குழாயைக் கழுவுகிறார்கள். வீட்டில் வினிகரில் ஊறவைத்து ஊக்கால் குத்த வேண்டியதுதான். அடைத்ததும் சட்டென்று கண்ணுக்குத் தெரிவதில்லை. செடி வாடிய பிறகுதான் தெரிகிறது. மே மாதத்தில் மல்லிகைக்கு அந்தத் தாமதமே போதும்.

மூடாக்கில் இந்த வேலை எதுவும் கிடையாது. இளநீர்க் கடையில் கேட்டால் வெட்டிப் போட்ட இளநீர் மட்டை கிடைக்கும். காயவைத்துத் தென்னை, முருங்கையைச் சுற்றிப் பரப்ப வேண்டியதுதான். மேலே பரப்பும் மட்டையின் குழிந்த பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். மண்ணுக்குள் புதைப்பதானால் குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும், அப்போதுதான் கிண்ணம் போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். எங்கள் தென்னையடியில் ஒரு மட்டையைப் புரட்டினால் மணல் கருத்து ஈரமாக, வெள்ளை வேர்கள் மேல்மட்டத்துக்கே வந்திருக்கின்றன. மக்க மக்க மணலுக்குச் சத்தும் சேர்கிறது. கோடை தொடங்கும் முன் மேலாகக் கொஞ்சம் சேர்த்தால் போதும், பராமரிப்பு அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. கறையான் வரும், பூரான் ஒளியும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், மரத்தண்டிலிருந்தும் ஒரு சாண் தள்ளியே பரப்புங்கள்.

காய்கறிப் பாத்தி நான் போட்டதில்லை; நெருக்கமாக விதைக்கும் கீரைக்கெல்லாம் மட்டை சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாடித் தொட்டிச் செடிகளுக்குச் சொட்டுநீரையே விட்டுவைத்திருக்கிறேன். அங்கே போவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், அடைப்பு குறைவு.

வீட்டுக்குள் மிச்சமாகும் தண்ணீரில் பாத்திரம் அலசியது வாழைக்குப் போகலாம். ஆர்ஓ கழிவு நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு அதில் இன்னும் அதிகம். கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூடாக்கு போடும் முன் நிலத்தை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த மணல் மேல் போட்டால், லேசாகத் தூறும் கோடை மழை மட்டையை நனைப்பதோடு நின்றுவிடும்.